பல்லுப் போன பின்

பார்ட்டன் தெருவில் ஒரு வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள்.
ஏழு டொலர் என்றாள் விதவை, ஐந்துக்கு இறங்கினாள்.
மார்பளவுச் சிலை, சுண்ணாம்பு வெள்ளை,
இடது காதில் ஒரு சில்லுப் போயிருந்தது.
பெயர் இருந்த இடத்தில் பசைத் தழும்பு.
"யார் இவர்?"
"என் புருஷனுக்குத் தெரியும். யாரோ தத்துவஞானி.
மன்னரைக் கேலி செய்து உள்ளே போனாராம்,
வெளியே வந்து
விட்ட இடத்திலிருந்து தொடங்கினாராம்."

ஹமில்டன் முழுக்க உப்பும் சேறும்.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.
பக்கத்திலிருந்த பையன் எழுந்து வேறு இடம் போனான்.

பத்தொன்பது வருஷமாய்ப் பல்லுக் கட்டுகிறேன்,
எனக்கு வாய் போதும்.
உதடு உள்ளே மடிந்து கிடக்கிறது,
நாடி மூக்கைத் தேடி மேலே வருகிறது.
மேல்வரிசை இல்லை. கீழே இரண்டோ, மூன்றோ.
சிற்பி மறைக்கவில்லை.
அந்தப் பொக்கை வாய்க்குள்தான்
இன்னும் வெளியே விடாத ஒரு சிரிப்பு.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள் எங்களில்.
இவருக்கு யாரும் சொல்லவில்லை போல.

வெள்ளி மாலை, பட்டறையில் ஆளில்லை.
வாங்க வருமுன் செத்துப்போன மிஸ்டர் பெட்ரிஷினின்
மேல் செட் இழுப்பறையில் கிடந்தது.
இளஞ்சிவப்பு மெழுகை உருக்கி
மூடிய உதட்டின் மேலேயே ஒட்டினேன்.

ஐயோ.
பஸ் நிறுத்தத்து விளம்பரத்தில்
வீடு விற்றுத் தருகிறவர் ஆகிவிட்டார்.
எதைக் கேட்டாலும் ஆமாம் என்கிற வாய்.
குடையை மறந்து திரும்பி வந்த டோரீன் பார்த்தாள்:
"எந்தத் தொகுதியில் நிற்கிறார்?"
கழற்றினேன்.

திங்கட்கிழமை முதலாளி எங்களை நிற்க வைத்துப் பேசினார்.
ஆர்டர் கூடிவிட்டதாம், சனிக்கிழமையும் வரவேண்டுமாம்,
மேலதிகச் சம்பளம் இப்போதைக்கு இல்லையாம்.
"இங்கே நாமெல்லோரும் ஒரே குடும்பம்."

என் வாயில் இருபத்தெட்டுப் பல், ஒன்றும் ஆடவில்லை.
இத்தனை வருஷமும் அவருக்கு அத்தனையும் காட்டினேன்.
அன்று உதட்டை மடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டேன்:
"நல்லது. சொத்தில் என் பங்கு எவ்வளவு?"

டோரீன் இருமினாள்.
யார் கையிலிருந்தோ மெழுகுக் கத்தி விழுந்து
மேசைக்கு அடியில் உருண்டது.
முதலாளி தன் சப்பாத்தைப் பார்த்தார்.

இன்று வியாழன். பதில் இல்லை,
சனிக்கிழமையைப் பற்றியும் பேச்சில்லை.
சிலை என் சமையலறையில், அரிசி வாளிக்கு மேலே.
கீழுதட்டில் கொஞ்சம் மெழுகு மிச்சமிருக்கிறது.
சுரண்ட மனமில்லை:
எதையோ தின்றுவிட்டு
வாயைத் துடைக்காத மாதிரி இருக்கிறார்.