ஒன்பது நாளில் ஒரு நாள்

பிரான்சுக்குத்தான் போவதாக இருந்தோம்.
ஏரி ஏரியாய்
மிதிவண்டியில் ஒன்பது நாள்.
கையேட்டில் ஒரு கல் பாலம்,
பாலத்தடியில் வாத்து,
வாத்துக்குப் பின்னால் ஒரு தேவாலயக் கூம்பு.
மேலாளர் ஹுவீ ஷான் நாள்காட்டியைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
ஒரு நாள் தந்தாள்.
செவ்வாய்க்கிழமை.

பூபதி சொன்னான்:
ஒன்பது நாள் மெத்தனத்தையும்
ஒரே நாளில் செலவழிப்போம்.

மடக்கிய சைக்கிள்கள் இரண்டும்
எம்ஆர்டியின் கடைசிப் பெட்டியில்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து
கிராஞ்சி வரை தூங்கி வந்தன.
விரித்ததும் அவனுடையது கிரீச்சிட்டது.
என்னுடையது வாங்கியதிலிருந்தே அப்படித்தான்.

நீர்த்தேக்கம்.
ஏரி என்று சொல்ல இங்கே நா எழுவதில்லை.
கணக்கு வைத்த நீர், அளவுகோல் நட்ட நீர்.
ஆனாலும் அன்று அது
ஏரியைப் போலவே சோம்பிக் கிடந்தது.
வேலியில் நான்கு மொழியில் எச்சரிக்கை;
கடைசி வரி நம்முடையது.
அபாயத்தின் கடைசிப் புள்ளி
எப்போதோ உதிர்ந்துபோய்
அந்த இடத்தில் ஒரு நத்தை.
நாங்கள் இரண்டு கறிபஃப் தின்று
மூன்றாவதைப் பங்கிட்டு முடிப்பதற்குள்
நத்தை நகர்ந்துவிட்டது.
சொல் முடியத் தெரியாமல்
வாய் திறந்தபடி நின்றது:
அபாயம

லிம் சூ காங் சாலையில்
பதினாறு பேர், உடம்போடு ஒட்டிய உடுப்பில்,
ஒரே பறவையாய்க் கடந்தார்கள்.
அவர்கள் விட்டுப்போன காற்றில்
பூபதியின் தொப்பி வடிகாலில் விழுந்தது.
எடுக்கத்தான் இறங்கினான்.
அங்கே ஒரு கொக்கு தொப்பியைச்
சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.
அது ஒரு முடிவுக்கு வரட்டும் என்று
காத்திருந்தான்.

நூல் பிடித்ததுபோல் நேரான சாலை.
ஆபத்து என்றால் விமானம் இறங்குமாம் இதில்.
விமானம் வரவில்லை.
மூச்சு வாங்கியது,
நாங்கள் இறங்கினோம்.

அமா கெங்.
பேருந்து நிறுத்தத்தில் பெயர் இருந்தது,
கூரை இருந்தது, உட்காரப் பலகை இருந்தது.
ஊர் இல்லை.
பூபதி கைபேசியில் பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்து
லாலாங் புல்லுக்கு முன்னால் பிடித்தான்.
இங்கே கடையாம், இங்கே பள்ளிக்கூடமாம்,
தள்ளிப் பிடித்தால் கோவிலாம்.
எனக்கு அந்த ஊரில் யாரும் இருந்ததில்லை.
ஏங்குவதற்குப் பாத்தியதை இல்லை.
கால் வலித்தது, உட்கார்ந்தேன்.

975 வந்தது.
நான் கை காட்டவில்லை.
நின்றது.
கதவு பெருமூச்சுவிட்டுத் திறக்க
உள்ளிருந்த குளிர் முழங்காலைத் தொட்டது.
ஓட்டுநரின் பெயர்ப்பட்டையில் ரொஸ்னா.
ஏறவில்லையா என்றார் மலாயில்.
இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.
இங்கேயா?
இங்கேதான்.
கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.
இருந்த ஒரே பயணி வாய் பிளந்து உறக்கம்.
நாலு மாதமாக ஓட்டுகிறேன், என்றார்,
இங்கே பிரேக் மிதித்தது இன்றைக்குத்தான்.

சொல்லிவிட்டு உடனே கிளம்பவில்லை.
கதவு திறந்தே இருந்தது.
மூன்று பேரும் புல் அசைவதைப் பார்த்தோம்.
அதில் பார்க்க ஒன்றுமில்லை.
நன்றாக அசைந்தது.
பிறகு நேர அட்டவணை அவரைக் கூப்பிட்டுவிட்டது.

மாலையில் கைபேசி கணக்குச் சொன்னது:
பதினேழு கிலோமீட்டர்,
சராசரி வேகம் ஆறு,
முன்னேற நிறைய இடமிருக்கிறது.
பூபதி தொப்பியைப் பிழிந்து
கைப்பிடியில் மாட்டினான்.

புதன் காலை, காப்பி இயந்திரத்தின் அருகே
ஹுவீ ஷான் கேட்டாள்,
எங்கே போனீர்கள்?
அமா கெங்.
அது எங்கே இருக்கிறது?
யோசித்தேன்.
975 அங்கே நிற்கும், என்றேன்,
யாராவது உட்கார்ந்திருந்தால்.