யான்

மாப்பிள்ளை நாற்பத்தெட்டு கிலோ, புது அலுமினியச் சட்டம்.
மணப்பெண் எண்பது.
பாவாடைக்கே முப்பது மீட்டர் துணி,
உள்ளே இன்னும் அந்தக் காலத்துப் பிரம்பு.
ஆகவே அவளுக்குள் கிஸ்லேன்,
இவனுக்குள் நான்.
எடை பார்த்துத்தான் பிரித்தது விழாக்குழு.
வேறெதையும் யோசிக்கவில்லை என்றார்கள்.
யோசித்துச் சிரித்திருப்பார்கள்
பியர் கடையில், நான் எழுந்து போனபின்.

எங்களுக்கு நவம்பரில்தான் தீர்ப்பு.
டன்கர்க் நீதிமன்றம், இரண்டாம் மாடி,
பதினொரு நிமிடம்.

கசெல் குன்றின் அடிவாரம்.
பிரான்ஸ் முடியப்போகிற இடம்,
பெயர்ப்பலகையில் இரண்டு மொழி.
இங்கே ஆளுயரம் யாருக்கும் போதாது.
ஐந்து மீட்டரில் இன்னொரு குடும்பம் வேண்டும்.
அவர்களுக்கும் பெயர்சூட்டு உண்டு, பதிவேடு உண்டு,
எரிந்துபோனால் மறுபடி பிறக்கும் வசதியும் உண்டு.
மாப்பிள்ளை பெயர் யான். வாத்து மேய்ப்பவன்.
இரண்டு போரிலும் ஒவ்வொரு முறை எரிந்தவன்.
பக்கத்து ஊர் மீக்கே, ஹாப் கொடி பறிப்பவள்,
அவளை அவனுக்குப் பேசி முடிக்க
இரண்டு நகராட்சிகளுக்கு நான்கு வருடம் ஆயிற்று.

உள்ளே இருட்டு.
புளித்த பசை வாசம், போன வருடத்து
யாருடைய வியர்வையோ.
தோளில் இரண்டு தோல்வார்.
கோட்டுப் பொத்தான்களுக்கு நடுவே
உள்ளங்கை அகலத்தில் வலைத்துண்டு.
அதுதான் கண்.
அதில் உலகம் இடுப்புக்குக் கீழே மட்டும்:
தள்ளுவண்டிகள், ஒரு நாய், மேளக்காரனின் முழங்கால்,
ஈரக் கல் பாவிய தரை.

மேயர் படித்தார். ஒலிபெருக்கி கரகரத்தது.
யான், சம்மதமா?
உள்ளே இருப்பவர் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம்.
சம்மதம் என்றேன்.
பெண்குரல் கேட்டுச் சதுக்கமே சிரித்தது.
மீக்கே, சம்மதமா?
கொஞ்சம் தாமதம்.
அப்புறம் கிஸ்லேனின் கட்டைக்குரல்,
பதினாறு வருடத்துக்கு முன் இதே படிக்கட்டில்
இருமிக்கொண்டே சொன்னானே, அதேபோல
இருமலோடு.

முத்தம், முத்தம் என்று கத்தினார்கள்.
ராட்சதர்களுக்குக் கழுத்து வளையாது.
சுமப்பவர்கள் முன்னால் சாய வேண்டும்,
ஒரே நேரம், ஒரே அளவு.
ஒருவர் அதிகம் சாய்ந்தால்
இரண்டு பேரும் கவிழ்ந்துவிடுவார்கள்.
நாங்களோ
ஓர் அலமாரியைக்கூடச் சண்டையில்லாமல்
நகர்த்தியதில்லை.

வலைத்துண்டில் அவன் காலணிகள் வந்து நின்றன.
இடதில் புதுக் கயிறு, வலதில் பழையது.
'உன் வலது பக்கம் கல் ஆடுது' என்றது பாவாடை.
'தெரியும்' என்றது கோட்டு.
'மூணு எண்ணட்டுமா?'
'எண்ணாதே. ரெண்டிலேயே கிளம்பிடுவே.'
அந்தப் பக்கம்
துணியையும் காகிதக்கூழையும் தாண்டி
மூக்கால் ஒரு சிரிப்பு.
சாய்ந்தோம்.
தலைக்கு மேல் எங்கோ
வர்ணம் பூசிய இரண்டு வாய்கள்
டொக்கென்று இடித்துக்கொண்டன.
ஊரே ஆர்ப்பரித்தது, அண்ணாந்து பார்த்து.

மாற்று ஆட்கள் வந்தார்கள்.
பாவாடை ஓரத்தைத் தூக்கித் தவழ்ந்து வந்தான்,
முடியெல்லாம் நெற்றியில் ஒட்டி.
சட்டைக் காலருக்கு வெளியே
வார் பதிந்த சிவப்பு. எனக்கும் எரிந்தது அதே இடம்.
தண்ணீர் நீட்டினான். குடித்துத் திருப்பித் தந்தேன்.
'வரி ஆபீஸ் கடிதம் ஒண்ணு
இன்னும் அங்கேதான் வருது, உன் பேருக்கு.'
'செவ்வாய்க்கிழமை வந்து எடுத்துக்கறேன்.'
'நான் இருக்க மாட்டேன். ஜன்னல் தொட்டியிலே வைக்கிறேன்.'
சரி என்றேன்.
மழை வந்தால் நனையுமே என்று
சொல்ல நினைத்து, சொல்லவில்லை.

மணமக்கள் எங்களை விட்டு
சந்து முனைக்கே போய்விட்டிருந்தார்கள்.
குறுக்கே மின்கம்பி. அவர்களால் குனிய முடியாது.
தீயணைப்புக்காரர் ஒருவர்
நீளக் கவட்டைக் கம்பால்
கம்பியைத் தூக்கிப் பிடித்தார்,
முதலில் அவள் போக,
கொஞ்சம் கை வலித்து, மாற்றிப் பிடித்து,
பிறகு அவன்.