தடைக்காலத்து பெடல்

தடைக்காலத்தில் செய்தது.
ஐஸ் கம்பெனி மோட்டார் வாய்மூடிக் கிடந்த நாட்கள்,
எனக்கும் பாதிச் சம்பளம்.
பாம்பன் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பிஸ்கட் டின்,
பழைய ரேடியோவில் பிடுங்கிய இரண்டு டிரான்சிஸ்டர்,
மிதிக்க ஒரு ஸ்விட்ச்.

ரூஃபஸ் கம்பியை அடித்தான்.
பாரில் படகின் அடிவயிறு உரசும் சத்தம்.
இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.
கையை எடுத்தான்,
சுவரில் பல்லி நகர்வது கேட்டது.
அவ்வளவு சுத்தம்.

ஜூன் பன்னிரண்டு.
தடை முடியுமுன் படகுகளுக்கு ஐஸ் ஏற்ற வேண்டும்.
அன்றிரவு பெடலை மிதித்தால்
கம்பியைத் தொடாமலே
ம்ம்ம்ம் என்றது
கன்றைப் பிரித்த மாடு மாதிரி.

நான் அவன் கிதாரைத் திட்டினேன்.
அவன் என் சாலிடரைத் திட்டினான்.
அதில் நியாயம் இருந்தது:
மூன்று இடத்தில் ஈயம் மங்கிப்போய்,
நேற்றைய மீனின் கண்.
திரும்பச் சுட்டு
இப்போதுதான் ஏறிய சூடையின் கண்ணாக்கினேன்.
கரகரப்பு போனது,
மாடு போகவில்லை.

ஜாக்கில் உப்பு பச்சையாகப் பூத்திருந்தது. துடைத்தேன்.
(கச்சான் அடித்தால் அடுத்த வாரம் மறுபடி பூக்கும், அது வேறு கணக்கு.)
அடாப்டரைப் பிடுங்கி ஒன்பது வோல்ட் பேட்டரி போட்டேன்.
பாதி அடங்கியது.

மிச்சப் பாதிக்கு இரண்டு நாள்.
ஒயரை மாற்றினோம், விளக்கை அணைத்தோம்,
செல்போனை அரிசிப் பானையில் போட்டு மூடினோம்.
கடைசியில் பார்த்தால்
எர்த் ஒயரை டின்னின் பெயிண்ட் மேல் முறுக்கி வைத்திருக்கிறேன்.
அதில் ஒரு குழந்தை பிஸ்கட் தின்று சிரிக்கிறது.
பிளேடால் அதன் கன்னத்தைச் சுரண்டினேன்,
தகரம் தெரியும்வரை.

இன்னும் கொஞ்சம் இருந்தது.
ரூஃபஸ் கிதாரோடு எழுந்து திரும்பினான்.
ஐஸ் கம்பெனிப் பக்கம் திரும்பினால் ஏறுகிறது,
அரை வட்டம் வந்தால் இறங்குகிறது.
“அசையாதே” என்றேன்.
தென்கிழக்கே கடலைப் பார்த்து
கழுத்தைக்கூடத் திருப்பாமல் நின்றான்.
ம்ம்ம் சுத்தமாக இல்லை.

அதன் அடியில்
ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவதுபோல,
தொண்டையில் மணல் விழுந்ததுபோல.
ரேடியோதான். அக்கரை.
என் டிரான்சிஸ்டருக்குப் பழைய வேலை மறக்கவில்லை.

“பேசாலையைப் பிறப்பிடமாகவும்...
சவிரியான் மரியநாயகம் அவர்கள்...
நாளை பிற்பகல் மூன்று மணிக்கு
சேமக்காலையில் நல்லடக்கம்...”

இதற்கு மருந்து தெரியும்.
உள்ளீட்டிலிருந்து எர்த்துக்கு
நூறு பிக்கோ கெப்பாசிட்டர் ஒன்று,
பயறு அளவுதான் இருக்கும்.
கம்பி சூடேறித் தயாராக இருந்தது,
நுனியில் ஈயம் துளியாக நின்றது.

மகன்மார் பெயர் வந்தது.
கனடாவில் ஒருவர், திருச்சியில் ஒருவர்.
மருமக்கள். பேரப்பிள்ளைகளில் ஒன்று
டெல்ஃபினா என்று கேட்டது,
டெல்மாவாகவும் இருக்கலாம்.
ரூஃபஸுக்குக் கால் மாற்றி நிற்க வேண்டும்போல, நிற்கவில்லை.

“இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள்
ஏற்றுக்கொள்ளவும்.”

பிறகு ஏதோ சோப்பு விளம்பரம்.
சாலிடர் வைத்தேன்.
புகை கண்ணில் ஏறியது.
அவள் குரல் போய்விட்டது.

தரையில் அவன் நின்ற இடத்தைச்
சாக்பீஸால் வரைந்து வைத்தோம்,
இரண்டு பாதம், கடலைப் பார்த்து.
திருவிழா மேடையில் இப்படி நின்றால்
ஊருக்கு முதுகுதான் தெரியும் என்றான்.
தெரியட்டும் என்றேன்.

மணி மூன்றே முக்கால்.
எனக்கு நாலு மணி ஷிஃப்ட்.
நடந்து போய்
இரண்டாவது மோட்டாரையும் போட்டேன்.