நெளிவு எடுத்த வகையில்

நூற்றைம்பத்தைந்தாம் நம்பர் பஸ்
சடுதியாய் பிரேக் அடித்ததில்
கம்பிக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே அகப்பட்டதாம்.
கைக்குட்டையை அவிழ்த்து மேசையில் வைத்தார்.
சுண்டைக்காய் அளவில் ஒரு பொற்குண்டு,
ஒரு பக்கக் கன்னம் உள்ளே விழுந்திருந்தது.

"கட்டித் தங்கம். ஒரு பவுனுக்குக் கூட."
கொட்டாஞ்சேனை மிஸிஸ் யோகமலர்.
பதினாறு வருஷமாய்க் கழுத்தில் கிடக்கிறதாம்.

கட்டித் தங்கம் பஸ் கம்பிக்கு நெளியாது.
கையில் வாங்கியவுடனேயே தெரிந்தது,
முன்தினமும் தெரியும்:
அவரின் மனுசன் போன் எடுத்திருந்தார்.
"நாளைக்கு ஒரு குண்டு வரும்.
அவவுக்கு முன்னால நிறுக்காதேங்கோ.
அப்ப எனக்கு ஹார்பரில வேலை நிண்டுபோன நேரம்."

தராசு பழுது என்றேன்.
அவர் தராசைப் பார்த்தார்.
பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது அதில்.

"தம்பி, காஸ் வரிசையில நிண்ட வருஷம்
இதை அடகுக்குக் கொண்டு போனனான்.
கண்ணாடிக்குப் பின்னால இருந்த பெட்டை
நிறுத்துப்போட்டு என்ர முகத்தைப் பார்த்தாள்.
ஒண்டே முக்கால் கிராம்.
திருப்பி வாங்கிக் கழுத்தில போட்டுக்கொண்டு வந்திட்டன்.
அவர் கீழ ஓட்டோவில இருக்கிறார்.
எனக்குத் தெரியும் எண்டு
அவருக்குத் தெரிய வேண்டாம்."

கோறைக் குண்டின் நெளிவை
வெளியே இருந்து எடுக்க ஏலாது.
பொருத்தைத் தேட வேண்டும்.
தேடினேன், லென்ஸ் வைத்து, இரண்டு தரம்.
செய்தவன் ஆரோ கெட்டிக்காரன்.
ஒரு கிண்ணத்தின் உதட்டை மெல்லிசாய்ச் சீவி
மற்றதின் வாய்க்குள் இருத்தியிருக்கிறான்,
நடுவே மயிர் நுழையாது.
மெதுவாய்த் தீயைக் காட்டினேன்.
பழைய பற்று வியர்த்து, மினுங்கி, விட்டுக்கொடுத்தது.

உள்ளே கறுப்பு. விளிம்போரம்
அமிலம் காய்ந்த பச்சை உப்பு, ஒரு சிட்டிகை.
பதினாறு வருஷத்துக் காற்று என்று
எதையோ எதிர்பார்த்து மூக்கைக் கொண்டுபோனது
என் பிழை.
செட்டியார் தெருவின் டீசல்தான் மணந்தது.

பிறகு வேலை.
குழிக்கட்டையில் கவிழ்த்தாமல் நிமிர்த்தி வைத்து
குமிழ் உளியால் உள்ளேயிருந்து
தட்டு, திருப்பு, தட்டு,
விழுந்த கன்னம் எழும்பும் மட்டும்.
விளிம்பை அரத்தாளில் எட்டுப் போட்டு இழைத்து
வெங்காரம் தடவி
இரண்டையும் வாயோடு வாய் வைத்து
இரும்புக் கம்பியால் கட்டினேன்.

கட்டுவதற்கு முன் பழைய துளையைக் குத்திப் பார்த்தேன்.
அதை விடாமல் மூடினால்
உள்ளே சூடேறும் காற்று பொறுக்காது.
போன மாசியில் ஒன்று வெடித்து
ஒரு பாதி ஃபாரிஸின் பிளேன்டீக்குள் விழுந்தது,
மற்றப் பாதி இன்னும் கிடைக்கவில்லை.
ஊசிமுனைத் துளை போதும்.
மேலே வளையம் வந்து உட்கார்ந்தால்
தெரிந்தவனுக்குத்தான் அது தெரியும்.

பற்று ஓடியது,
ஒரு கணம், பொருத்தைச் சுற்றி,
வெள்ளிக் கோடாய்.

மெருகு முடிந்து வர நாலரை.
கதிரேசன் கோயில் மணிக்கும்
துறைமுகத்துக் கப்பல் ஊதலுக்கும் நடுவில்
அவர் படியேறி வந்தார், வேர்வையோடு, காசு கொடுக்க.
"கட்டி எண்டபடியால் கஷ்டப்பட்டிருப்பியள்."
சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.
"கட்டிதானே" என்றார் மனுசி.
அவரும் என்னைத்தான் பார்த்தார்.

நான் பில் புத்தகத்தைப் பார்த்தேன்.
குண்டு ஒன்று.
நெளிவு எடுத்த வகையில்
ரூபா நாலாயிரத்து ஐந்நூறு.
நிறை என்ற கட்டத்தில்
ஒரு கோடு கிழித்தேன்.

கொக்கி சின்னது, அவருக்குக் கண் மங்கல்.
பின்னால் நின்று மூன்று தரம் தவறவிட்டு
நாலாம் தரம் பூட்டினார்.
அவ்வளவு நேரமும் தலைமயிரைத் தூக்கிப் பிடித்தபடி
அசையாமல் நின்றார் யோகமலர்.

அவர்கள் இறங்கிய பிறகு
ஃபாரிஸ் கேட்டான், தராசுக்கு என்ன பழுது என்று.