மூன்றாவது சிலிண்டர்

வின்னிபெக். காலை நாலு ஐம்பது. மைனஸ் இருபத்தொன்பது.
சுவரில் செருகியிருந்த வயரைப் பிடுங்கிச் சுருட்டிவிட்டுச்
சாவியைத் திருப்புகிறேன்.

பற்றுகிறது. உடனே ஆட்டம்.
குளிரில் நடுங்குவது மாதிரி இல்லை,
கோபத்தை வாயில் அடக்கிக்கொண்டு
மேசைக்கு அடியில் கால் ஆட்டுகிறவர் மாதிரி.
கண்ணாடியில் பின்வீட்டு விளக்கு இரண்டாகிறது.
கதவுப் பையில் சில்லறை கிலுகிலுக்கிறது.
நாற்பது விநாடி. எண்ணியிருக்கிறேன்.
பிறகு அடங்கிவிடும், ஒன்றும் நடவாததுபோல.

ஆளுக்கொரு காரணம்.
பக்கத்தில் ஏறும் யோகமலருக்குப் பற்றரி.
மூன்று குளிர்காலத்தில் மூன்று பற்றரி மாற்றியவள்,
அவளுக்குத் தலையிடியும் பற்றரிதான்.
பின் இருக்கையில் பெரெகெட், பெற்றோலில் தண்ணீர் என்றான்.
கல்கரியிலிருந்து தம்பி
"போனை பொனற்றுக்குக் கிட்டப் பிடி அக்கா" என்று கேட்டுவிட்டு
"மவுண்ட். ரப்பர் கிழிஞ்சிட்டுது" என்றான்.
இரவிரவாக நானும் வீடியோ பார்த்தேன்:
இன்ஜெக்டரில் அழுக்கு, காற்றுக்குழாயில் வெடிப்பு...
வைத்தியப் புத்தகம் வாசித்தவளுக்கு
எல்லா வருத்தமும் இருப்பது போலாயிற்று.

சார்ஜன்ட் அவென்யூ கராஜுக்குக் கொண்டுபோனால்
கள்ளக் கார், பூனைபோல நின்றது.
ரொமெல் சிரிக்கவில்லை.
"சூட்டோடு வந்தால் எப்படிச் சொல்லும்?
இரவு வெளியில் விட்டுவிட்டுப் போங்கள்.
குளிரில் பார்க்கவேண்டும்."

மறுநாள் ஒரு பிளக்கைக் கழற்றிக் காட்டினான்.
மற்றவை பழுப்பு, இது கறுப்பு,
ஈரம், பெற்றோல் மணம்.
அதன் தலையிலிருந்த கொயிலில் மயிரளவு வெடிப்பு.
"மூன்றாவது சிலிண்டர் வேலைக்கு வருவதில்லை.
மற்ற மூன்றும் அதையும் சேர்த்து இழுக்கின்றன.
அதுதான் ஆட்டம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் விலை கூடிவிட்டதாக்கும் என்று நினைத்துப்
பத்து டொலர் குறைத்தான்.

எங்கள் லைனில் நாலு இடம்.
உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை, இங்கே பெறோகி,
பெல்ட்டில் வர வரப் பெட்டிக்குள் அடுக்கவேண்டும்.
மூன்றாவது இடம் இவோனாவுடையது.
மணிக்கட்டு வீங்கி நவம்பரில் போனாள்.
ஆள் போடவில்லை. பெல்ட் வேகமும் குறையவில்லை.
ஐந்தரைக்குத் தொடங்கினால் முதல் அரைமணி
நாங்கள் மூவரும் முட்டி, மோதி,
பெட்டி சரிந்து, பெரெகெட் தன் பாஷையில் ஏதோ சொல்லி,
பிறகு எப்படியோ அடங்கிவிடுவோம்.
சூப்பர்வைசர் எட்டு மணிக்கு வருவார்.
பார்ப்பார். "நல்லாத்தானே ஓடுது" என்பார்.

திங்கட்கிழமை சாவியைத் திருப்பினேன்.
சில்லறை சத்தமில்லை.
கைதான் ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டு
நாற்பதுவரை எண்ணிற்று.
"சொன்னனே, பற்றரி எண்டு" என்றாள் யோகமலர்.

கராஜ் பில்லின் பின்பக்கத்தில், சிவப்பு விளக்கில் நிற்கும்போது,
எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன்:
நாளைக்கு ஐந்தரைக்கு வாருங்கள்.
சூடாக முதல் வந்து பாருங்கள்.

யோகமலர் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிக்
கையெழுத்துப் போட்டாள்.
பின்னால் நீட்டினேன்.
பெரெகெட் பேனையை உதறுகிறான், உதறுகிறான்,
மை உறைந்துபோயிருக்கிறது.