கயிறு பரவாயில்லை

பன்னிரண்டடி நீளத் தண்டு,
இரு முனையிலும் செம்புக் கம்பிச் சுருள்.
வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால்
ஒரு முனை மண்ணிடம் கேட்கும்,
மறுமுனை பதிலை வாங்கும்.
அதைச் சுமப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஏழாம் நம்பர் மலை, கீழ்ப்பிரிவு, காலை எட்டு மணி.
வெள்ளைக்காரன் புதைத்த இரும்புக் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று
தோட்டத்து வரைபடம் மறந்துவிட்டது.
அது தெரிந்தால்தான்
இருபது குடும்பத்துக்கு ஏழேழு பேர்ச் அளந்து கொடுப்பார்களாம்.
கயிறு பிடிக்க ஓர் ஆள் கேட்டேன்.
கொழுந்து மலையிலிருந்து லோகநாயகியை அனுப்பினார்கள்.

இரும்பு, பித்தளை, தங்கம்
எதுவும் மேலில் இருக்கக் கூடாது என்றேன்.
இடுப்புப் படங்கை அவிழ்த்தாள், அதில் ஊக்கு இருந்தது.
தோட்டைக் கழற்றினாள்.
மூக்குத்தி வர மறுத்தது, எச்சில் தொட்டுத் திருகினாள்.
எல்லாவற்றையும் பிஸ்கட் பக்கட்டில் போட்டு
முள்முருங்கைக் கிளையில் தொங்கவிட்டாள்.
பிறகு கழுத்தைத் தொட்டுக்கொண்டு,
"தாலி அடகுல இருக்கு மிஸ்,
மாசியில வச்சது.
இது வெறும் மஞ்சக் கயிறு. பரவாயில்லையா?"
கயிறு பரவாயில்லை என்றேன்.

நடந்தோம்.
இரண்டு மீற்றருக்கு ஒரு கோடு,
தேயிலை வரிசையோடு வரிசையாக, கான் தாண்டி, கல்லேறி.
அட்டை இருவரையும் பேதமில்லாமல் கடித்தது.
ஈரக் களிமண் இருபத்திரண்டு, இருபத்துமூன்று என்று முனகும்.
குழாய்க்கு மேலே போனால்
எண் சைபருக்கும் கீழே குப்புற விழும்.
ஒன்பதாம் கோட்டில் விழுந்தது. பத்தில். பதினொன்றில்.
நேராகப் பீலிக்கரைக்கு இறங்குகிறது குழாய்.
மத்தியானத்துக்குள் வீடு போகலாம் என்று நினைத்தேன்.

பதினேழாம் கோட்டில்
குழாய் வர நியாயமே இல்லாத இடத்தில்
எண் விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது.
பத்தடி. சும்மா. பத்தடி. சும்மா.
திரும்பி அடுத்த கோட்டில் வந்தபோதும் அதே கணக்கு,
பன்னிரண்டு தடவை.
கூரைத் தகரம் மடிந்து கிடந்தால் இப்படித்தான் பேசும்.
நாலடி மண்ணுக்குக் கீழே
ஒரு லயம், பன்னிரண்டு காம்பிரா,
மேலே முப்பது வருடத்துத் தேயிலை.

தோட்டப் புத்தகத்தில் இங்கே லயம் கிடையாது.
லோகநாயகிக்கும் தெரியவில்லை.
"நாங்க மேப்பிரிவு மிஸ். இங்கிட்டு எப்பவாச்சும் சரிஞ்சிச்சோ என்னவோ"
என்று வானத்தைப் பார்த்தாள்.
மழை வருமா என்று பார்த்ததுதான்.

போனில் விஜேகோன் சேர் கேட்டார்,
குழாய் கிடைத்தது அல்லவா?
மற்றதெல்லாம் இரைச்சல். வடிகட்டி அனுப்பு.
தேடாதது கிடைத்தால்
எங்கள் தொழிலில் அதற்கு அந்தப் பெயர்.

"இதுக்கு மூக்குத்தி கேக்குமா மிஸ்?"
கேட்காது, அது ரொம்பச் சின்னது. இதற்குக் கூரையளவு வேண்டும்.
"தோடு?"
தோடும் கேட்காது.
கரண்டி, நாதாங்கி, பிள்ளையின் அரைஞாண்
ஒன்றும் கேட்காது.
"அப்ப எதுக்கு என்னோடதக் கழட்டச் சொன்னீங்க?"
சட்டம், என்றேன்.
அவள் சிரித்தாள். எனக்கும் வந்தது.

பதினொன்றரைக்கு மழை பிடித்தது.
நான் கருவிக்குப் பொலித்தீன் சுற்றினேன்,
அவள் தலைக்குப் படங்கு போட்டுக்கொண்டாள்.
பக்கட்டை உள்ளங்கையில் கவிழ்த்தாள்.
கண்ணாடி இல்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு
மூக்கிலிருந்த துளையை விரல்நுனியால் தேடினாள்.
முதல் தடவை தப்பியது.

அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்தான் போட்டார்களாம்.

வடிகட்டித்தான் அனுப்பினேன்.
வரைபடம் துப்புரவாக இருக்கிறது,
ஒரு நீலக்கோடு, இருபது சதுரம்.
எட்டாம் சதுரத்தில் அத்திவாரம் வெட்ட வருகிறவனின் அலவாங்கு
எத்தனையாவது அடியில் தகரத்தில் முட்டும் என்று
எனக்குத் தெரியும்.
அந்த மேடு ஏன் அங்கே மேடாக இருக்கிறது என்றும்.