இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு

நாற்பது வருஷம் ஆயிற்றென்று
புது அட்டை போட்டு விற்கிறார்கள்.
கூடவே ஒரு சுவரொட்டி: நான்கு பையன்கள்.
நால்வருக்கும் தலையில் முடி இருக்கிறது.

அந்தக் கடைசிப் பாட்டில்
கிதார் அடங்கி, டிரம்ஸும் ஓய்ந்து,
பாடுகிறவன் மூச்சு மட்டும் கேட்கிற இடத்தில்
டிங் டிங் என்று ஒரு டிராம் மணி வரும்.
அது நான்.

ஹெல்சிங்கி, வல்லிலா வளைவு. பிப்ரவரி. கடைசி வண்டி.
கோட்டு இல்லாமல் ஒருத்தன் தண்டவாளத்தில் நின்று
சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.
மணி அடித்தேன். கையாட்டிவிட்டு நகர்ந்தான்.
பக்கத்து நிலவறையில் டேப் ஓடிக்கொண்டிருந்தது
எனக்கெப்படித் தெரியும்?

மறு வருஷம் ஒரு விருந்தில்
அந்த இசைத்தட்டைச் சுழலவிட்டார்கள்.
என் கையிலிருந்த மீன் துண்டு தரையில்.
"என் வண்டி!" என்றேன். சிரித்தார்கள்.
வெய்க்கோ மட்டும் சிரிக்கவில்லை.
அவனைத்தான் கட்டிக்கொண்டேன்.

புதுப் பதிப்பின் முதுகில்
"இரைச்சல்கள் முற்றாக நீக்கப்பட்டன"
என்று பெருமையாக ஒரு வரி.
கேட்டேன்.
கிதார் அடங்கியது. டிரம்ஸ் ஓய்ந்தது.
மூச்சு.
அப்புறம்
துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி ஒன்றுமில்லை.

"முப்பத்தாறு யூரோ!" என்று கத்திவிட்டேன்.

வெய்க்கோவுக்கு ராக் என்றாலே தலைவலி.
சமையலறையில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவன்
தலை நிமிராமல் சொன்னான்:
"இன்னொரு தரம் போடு, ராய்யா."

போட்டேன்.
அந்த இடம் வந்தது.
கரண்டியால் காப்பிக் கோப்பையில்
இரண்டு தட்டு.

அரை நொடி தாமதம்.
ஏழாம் நம்பர்
என்றைக்கு நேரத்துக்கு வந்திருக்கிறது?